வீண்பழியின் வரலாறு: நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களும் அவை பார்த்திராத மொழிகளும்

2008 நவம்பரில் ஏவிஜி நிறுவனத்தின் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் வழக்கமான புதுப்பிப்பு ஒன்றைப் பெற்றது. பெற்றதும் விண்டோஸ் எக்ஸ்பியின் ‘யூசர்32’ என்னும் கோப்பை வங்கி விவரங்களைத் திருடும் ட்ரோஜன் என்று அறிவித்தது. அதை அழித்துவிடும்படி பயனருக்குப் பரிந்துரைத்தது. திரையில் சாளரங்களை வரைவது, சுட்டியின் சொடுக்கையும் விசைப்பலகையின் அழுத்தத்தையும் உரிய நிரலிடம் சேர்ப்பது என விண்டோஸின் அன்றாட வேலைகள் பலவும் அந்தக் கோப்பின் வழியாகவே நடக்கின்றன. பரிந்துரையை நம்பி அழித்தவர்களின் கணினிகள் மறுமுறை எழவில்லை. சில, ஓயாமல் மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருந்தன.

இந்நிகழ்வில் என் கவனத்தைப் பிடித்து நிறுத்தியது பாதிக்கப்பட்ட பதிப்புகளின் பட்டியல். டச்சு, பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகீசியம், ஸ்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி. ஆங்கிலப் பதிப்புக்கு ஒன்றும் நேரவில்லை. ஏவிஜி செக் நாட்டு நிறுவனம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்: ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஊரில் செய்யப்பட்ட கருவிக்கும் ஆங்கிலப் பதிப்பே நன்கு அறிமுகமானதாக இருந்திருக்கிறது.

குற்றமற்ற கோப்பை நச்சுநிரல் என்று அறிவிக்கும் இப்பிழைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கலைச்சொல் மருத்துவச் சோதனையோடு உறவுடையது. நோயில்லாதவரிடம் நோய் உண்டெனக் காட்டும் முடிவை அது குறிக்கும். தமிழில் ‘பொய் நேர்மறை’ என்று பெயர்த்துக்கொண்டோம். கொரோனாக் காலத்தில் ‘பாசிட்டிவ்’ என்னும் சொல் நம் வீடுகளில் எத்தகைய அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், ‘நேர்மறை’ என்ற மங்கலச் சொல் இவ்விடத்தில் எவ்வளவு ஒட்டாமல் நிற்கிறது என்பது விளங்கும். எதிர்ப்பு மென்பொருள் செய்வது ஒரு குற்றச்சாட்டு. ஆதாரமின்றிக் குற்றம் சாட்டுவதற்குத் தமிழில் வீண்பழி என்றொரு நல்ல சொல் ஏற்கெனவே உண்டு. இப்பதிவில் அதையே ஆள்கிறேன்.

இத்தகைய நிகழ்வுகளைத் தனித்தனி விபத்துகளாகப் பதிவு செய்வதே கணினி இதழ்களின் வழக்கம். அவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும்போது தரவக மொழியியல் பயின்றவருக்குப் பழக்கமான சிக்கல் ஒன்று தென்படுகிறது. எது இயல்பு என்று தீர்மானிப்பதற்குச் சேர்த்துவைத்த தரவகத்தில் எவருக்கு இடமில்லையோ அவர்மீது பழி எளிதில் விழுகிறது. இந்திய மொழிகளில் கருவி செய்வோரும் அவற்றைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களும் இவ்வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என நான் கருதுவதற்குக் காரணம் இதுவே.

தொடக்கத்திலிருந்து வருவோம். ஐபிஎம் வகைத் தனிக்கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரல் எனப் பொதுவாகச் சொல்லப்படும் ‘பிரெய்ன்’ 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் என்னும் அல்வி சகோதரர்களால் எழுதப்பட்டது. அதனுள் அவர்கள் தம் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தார்கள். முகவரி எழுதிய குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிது. அத்தொடரைத் தேடினால் போதும். 1980களின் இறுதியில் தோன்றிய எதிர்ப்பு மென்பொருள்கள் ஏறத்தாழ இம்முறையைத்தான் பொதுமைப்படுத்தின. ஒவ்வொரு நச்சுநிரலிலிருந்தும் சில பைட்டுகள் கொண்ட அடையாளத் தொடர் ஒன்றை வல்லுநர் தேர்ந்தெடுப்பார், மென்பொருள் அத்தொடரைக் கணினியின் கோப்புகளில் தேடும், இருந்தால் எச்சரிக்கும். வீண்பழியின் விதை இத்தேர்விலேயே இருக்கிறது. தேர்ந்தெடுத்த தொடர் நல்ல நிரல் ஒன்றிலும் தற்செயலாக இருந்துவிட்டால்?

வல்லுநர் போதிய கவனத்தோடு தேர்ந்தால் இதைத் தவிர்த்துவிடலாமே என்று தோன்றும். முழுமையாகத் தவிர்க்கவே முடியாது என்பது அதற்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஃபிரெட் கோகென் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் அந்நிறுவல் உள்ளது. (கணினி நிரலுக்கு ‘வைரஸ்’ என்ற உருவகத்தை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் அவருடைய ஆசிரியரும் ஆர்எஸ்ஏ மறையாக்க முறையின் மூவரில் ஒருவருமான லென் ஆடில்மன்.) கணிதப் பயிற்சி இல்லாதவருக்கும் அந்த வாதம் விளங்கக்கூடியது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது பரவக்கூடியதா இல்லையா என்று பிழையின்றிச் சொல்லும் ‘க’ என்னும் சோதனைக் கருவி இருப்பதாகக் கொள்வோம். அந்தக் ‘க’வையே தன்னுள் வைத்துக்கொண்ட ‘ச’ என்னும் நிரலை எழுதுகிறோம். ‘ச’ ஓடத் தொடங்கியதும் தன்னைப் பற்றிக் ‘க’விடம் கேட்கும். ‘நீ நச்சுநிரல்’ என்று ‘க’ சொன்னால் ‘ச’ பேசாமல் இருந்துவிடும்; ‘நீ நல்லவன்’ என்று சொன்னால் உடனே பரவத் தொடங்கும். ‘க’ எந்த விடையைச் சொன்னாலும் அது தவறாகிவிடுகிறது. ஆகவே பிழையற்ற ‘க’ இருக்க முடியாது. தான் சொல்வது பொய் என்று சொல்பவனைப் பற்றிய பழைய புதிரை அறிந்தவர்களுக்கு இதன் தோற்றம் தெரியும்.

இதன் நடைமுறைப் பொருள் எளிது. எதிர்ப்பு மென்பொருள் செய்யும் ஒவ்வொருவரும் இருவகைப் பிழைகளுக்கு இடையே எங்கோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும்: குற்றவாளியைத் தப்பவிடுவது, குற்றமற்றவரைப் பிடிப்பது. எங்கே நிற்பது என்பதைக் கணிதம் சொல்லித் தராது. அதை நிறுவனம் தீர்மானிக்கிறது. அத்தீர்மானத்தில் வாடிக்கையாளர் யார், எத்தனை பேர் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது.

பிடிபடும் கோப்புகளில் எத்தனை உண்மையான குற்றவாளிகள் என்ற கேள்விக்கும் உள்ளுணர்வு தவறான விடையைத் தரும். கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம்: ஒரு கணினியில் 1,00,000 கோப்புகள், அவற்றில் 100 நச்சுநிரல்கள், நச்சுநிரலில் 99 விழுக்காட்டைப் பிடித்து, நல்ல கோப்புகளில் 1 விழுக்காட்டில் மட்டும் தவறும் கருவி. அது 99 நச்சுநிரல்களைப் பிடிக்கும். 999 நல்ல கோப்புகளையும் பிடிக்கும். எச்சரிக்கைகளில் ஏறத்தாழப் பதினொன்றில் ஒன்றே மெய். நல்ல கோப்புகள் மிகப் பெரும்பான்மையாக உள்ள உலகில் சிறு பிழை வீதமும் பெரிய கூட்டத்தைச் சிறையிலடைக்கும். அதனால்தான் இத்துறையில் வீண்பழி வீதத்தை விழுக்காட்டின் மிகச் சிறு பின்னங்களுக்குக் குறைக்கப் பாடுபட்டார்கள்.

அப்பாட்டில் மொழியியலுக்கு ஒரு பங்கு உண்டு என்பது எங்கள் துறையிலேயே அதிகம் பேசப்படாத செய்தி. 1990களின் தொடக்கத்தில் நச்சுநிரல்களின் எண்ணிக்கை பெருகியபோது, அடையாளத் தொடரைக் கையால் தேர்ந்தெடுப்பது இயலாமற்போனது. ஐபிஎம் நிறுவனத்தின் தாமஸ் வாட்சன் ஆய்வு மையத்தில் இருந்த ஜெஃப்ரி கெஃபார்ட், வில்லியம் ஆர்னால்ட் இருவரும் 1994இல் அதைத் தானியக்கமாக்கும் முறை ஒன்றை முன்வைத்தனர். நல்ல நிரல்களைப் பெருந்தொகையாகச் சேர்த்துத் தரவகம் அமைக்க வேண்டும். அதில் குறுகிய பைட்டுத் தொடர்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ண வேண்டும். நச்சுநிரலிலிருந்து எடுக்கத்தக்க நீண்ட தொடர்கள் ஒவ்வொன்றுக்கும், நல்ல நிரலில் அது தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவை அக்குறுந்தொடர்களின் நிகழ்வெண்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும். நிகழ்தகவு மிகக் குறைவான தொடரே சிறந்த அடையாளம்.

மொழியியல் மாணவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இது என்-கிராம் மாதிரி. 1970களிலும் 80களிலும் அதே ஆய்வு மையத்தில் ஃபிரெடெரிக் ஜெலினெக் தலைமையிலான பேச்சறிதல் குழு, அடுத்து வரும் சொல் எதுவாக இருக்கும் என்று கணிக்க வளர்த்தெடுத்த அதே வகை முறை. சொற்களுக்குப் பதில் பைட்டுகள். செய்தித்தாள் உரைக்குப் பதில் நிரல்கள்.

முறையோடு அதன் பலவீனமும் சேர்ந்தே இடம்பெயர்ந்தது. தரவகத்தில் காணாத தொடருக்கு என்-கிராம் மாதிரி மிகக் குறைந்த நிகழ்தகவைத் தரும். ஆங்கில உரைகளால் மட்டும் பயிற்றிய மாதிரியிடம் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால், ‘இப்படி ஒன்று இயல்பாக வர வாய்ப்பில்லை’ என்றே அது கூறும். அச்சொல்லை நாம் நாள்தோறும் நூறு முறை சொல்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. நல்ல நிரல்களின் தரவகத்திலும் இதே கதைதான். ‘அரியது’ என்பதும் ‘எங்கள் தொகுப்பில் இல்லாதது’ என்பதும் வெவ்வேறு. மாதிரியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கெஃபார்ட்–ஆர்னால்ட் முறையை எல்லா நிறுவனங்களும் அப்படியே கைக்கொண்டன என்பது என் கூற்றன்று. எந்த முறையாயினும், வெளியிடும் முன் புதிய அடையாளத் தொடர்களை ‘நல்ல கோப்புகள்’ என்னும் ஒரு தொகுப்பின்மீது ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அத்தொகுப்பு எவ்வளவு பரந்தது என்பதே நல்ல கோப்பின் தலைவிதி.

ஏவிஜி நிகழ்வுக்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2007 மே 18 அன்று, இதனினும் பெரிய பாடம் ஒன்று கிடைத்திருந்தது. சைமாண்டெக் நிறுவனத்தின் நார்ட்டன் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியின் இரு அமைப்புக் கோப்புகளை ‘ஹாக்ஸ்டோர்’ என்னும் பின்கதவு நிரலாகக் கருதி அப்புறப்படுத்தியது. அவற்றுள் ‘நெட்ஏபிஐ32’ வலையமைப்புக்கு உரியது. ‘எல்எஸ்ஏஎஸ்ஆர்வி’ பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு உரியது. அவை போனபின் கணினி நீலத்திரையோடு நின்றுவிட்டது. பாதிப்பு எளிய சீன எழுத்துப் பதிப்புக்கு மட்டும். அதிலும் குறிப்பிட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவியிருந்த கணினிகளுக்கு. இங்குள்ள முரணைக் கவனியுங்கள்: பாதுகாப்பில் அக்கறை கொண்டு திருத்தத்தை ஒழுங்காக நிறுவியவர்களே தண்டிக்கப்பட்டார்கள். சைமாண்டெக் சில மணி நேரத்தில் பிழையைத் திருத்தியது. பின்னர் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமக் காலத்தை நீட்டித்துத் தந்தது. கணினியே எழாதவருக்கு இணையத்தில் வரும் திருத்தத்தால் என்ன பயன்?

இதிலிருந்து, வீண்பழி ஆங்கிலமல்லாத மொழிகளுக்கு மட்டுமே நேர்வது என்ற முடிவுக்கு விரைந்துவிடக் கூடாது. 2006 மார்ச்சில் மெக்கஃபியின் ஒரு புதுப்பிப்பு மைக்ரோசாஃப்ட் எக்ஸெலையே நச்சுநிரல் என்றது. 2007 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி விண்டோஸ் எக்ஸ்புளோரரைப் பிடித்து அடைத்தது. 2011 செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்டின் எதிர்ப்பு மென்பொருள் கூகுள் குரோமைக் கடவுச்சொல் திருடன் என்று அறிவித்தபோது, போட்டி நிறுவனங்களின் பகையோ என்று சிலர் சிரித்தார்கள். எல்லாவற்றிலும் பெரிது 2010 ஏப்ரல் 21 அன்று நேர்ந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அன்று மெக்கஃபி வெளியிட்ட 5958 என்னும் எண்ணுடைய புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் திருத்தத் தொகுப்பில் உள்ள ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்னும் கோப்பை ‘வெகார்ல்’ வகை நச்சுநிரல் என்று கொண்டது. விண்டோஸின் பின்னணிச் சேவைகள் பலவற்றைத் தாங்கி நடத்தும் கோப்பு அது. அது போனதும் கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. வலையமைப்புத் தொடர்பும் அற்றுப்போனது. சில மணி நேரத்தில் புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வலையமைப்பு அற்ற கணினிக்கு மருந்தைத் தொலைவிலிருந்து அனுப்ப வழியில்லை. பணியாளர் ஒவ்வொரு மேசையாகச் சென்று கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியிலும் மருத்துவமனைகளிலும் இருந்த 25,000 கணினிகளில் 8,000 விழுந்தன என்று அப்போது செய்தி வந்தது. ரோட் தீவு மாநிலத்தின் மருத்துவமனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, விபத்துக் காயம் அல்லாத நோயாளிகளை அவசரப் பிரிவில் ஏற்பதை நிறுத்தின; தள்ளிப்போடத்தக்க அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. வீண்பழி ஒன்று நோயாளியின் படுக்கையருகே போய் நின்ற நாள் அது.

காரணமாக அந்நிறுவனம் கூறியதே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. வெளியிடும் முன் சோதித்த கணினிகளின் தொகுப்பில், எக்ஸ்பியின் மூன்றாம் திருத்தமும் தம் மென்பொருளின் 8.7 பதிப்பும் சேர்ந்த இணைவு இடம்பெறவில்லை என்பதே அக்காரணம். அன்றைய நிறுவன உலகில் மிகப் பரவலாக இருந்த இயங்குதளம் அது. பெரும்பான்மையைக்கூடச் சோதனைத் தொகுப்பு தவறவிட்டுவிடும் என்றால், சிறுபான்மை அதில் தானாக இடம்பெறும் என்று எதிர்பார்க்க என்ன இருக்கிறது? இரண்டுக்கும் வேறுபாடு பழி விழுந்த பிறகுதான் தெரியும். மெக்கஃபியின் பிழை அன்று மாலையே உலகச் செய்தியாயிற்று. ஒரு சிறு மொழியின் எழுத்துருக் கருவி அழிக்கப்பட்டால் அதைச் செய்தியாக்குவோர் எவருமில்லை.

(அன்று மெக்கஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்த ஜார்ஜ் குர்ட்ஸ் பின்னர் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2024 ஜூலை 19 அன்று அந்நிறுவனத்தின் புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது வீண்பழி அன்று, புதுப்பிப்பிலிருந்த வேறுவகைப் பிழை. ஆகவே இவ்வரலாற்றில் அதைச் சேர்க்கவில்லை.)

2012 செப்டம்பரில் சோஃபோஸ் செய்த பிழை நகைச்சுவைக் காட்சிக்கு நிகரானது. அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் சொந்த நிரலையே நச்சுநிரல் என்று பிடித்தது. பிழையைத் திருத்தும் புதுப்பிப்பு வந்து சேர வேண்டிய வாயிலை அதுவே அடைத்துக்கொண்டுவிட்டது.

பழி பரவும் விதத்தையும் பார்க்க வேண்டும். 2004இல் ஸ்பெயினின் மாலகா நகரில் தொடங்கி, 2012இல் கூகுளின் கைக்குச் சென்ற வைரஸ்டோட்டல் சேவையை இதைப் படிப்போர் பலரும் அறிவர். அங்கே ஒரு கோப்பை ஏற்றினால் பல நிறுவனங்களின் கருவிகள் அதைச் சோதித்துத் தத்தம் தீர்ப்பைச் சொல்லும். ஐந்து கருவிகள் பழித்தால் ஐந்து சாட்சிகள் என்று நாம் கொள்கிறோம். அவை தனித்தனிச் சாட்சிகளா? 2010இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதைச் சோதித்தது. தீங்கற்ற 20 கோப்புகளைத் தானே உருவாக்கி, அவற்றில் 10ஐ மட்டும் நச்சுநிரல் என்று தன் கருவி பொய்யாகச் சொல்லும்படி செய்து, எல்லாவற்றையும் வைரஸ்டோட்டலில் ஏற்றியது. பத்து நாளில், பொய்யாகப் பழிக்கப்பட்ட அந்தக் கோப்புகளை 14 வரையிலான பிற நிறுவனங்களின் கருவிகளும் பழித்தன.

சுவடிப் பதிப்பியல் பயின்றவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள். இரு ஏடுகள் ஒரே சரியான பாடத்தைக் கொண்டிருப்பதால் அவற்றுக்கிடையே உறவு உண்டென்று சொல்ல முடியாது. ஒரே பிழையைக் கொண்டிருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தன என்று ஐயுறலாம். வைரஸ்டோட்டலின் தீர்ப்புகளையும் அவ்வாறே படிக்கப் பழக வேண்டும். ஐந்து கருவிகள் ஒரே பொதுப்பெயரால் ஒரு கோப்பைப் பழித்தால், அங்கே இருப்பது ஒரு சாட்சியும் நான்கு பிரதிகளுமாக இருக்கலாம்.

2009க்குப் பின் களம் வேறொரு திசையில் நகர்ந்தது. சிறு மொழிகளுக்கு இது முன்னதைவிடக் கடினமான திசை. நாள்தோறும் தோன்றும் புதிய நச்சுநிரல்களுக்கு ஒவ்வொன்றாக அடையாளத் தொடர் எழுதி முடியாதென்று கண்ட நிறுவனங்கள் ‘நற்பெயர்’ முறைக்கு மாறத் தொடங்கின. நார்ட்டனின் 2010 பதிப்பும் 2011இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9இன் ஸ்மார்ட்ஸ்கிரீனும் இதன் முன்னோடிகள். இம்முறையில் கோப்பினுள் என்ன இருக்கிறது என்பதோடு, அதை உலகில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு காலமாக வைத்திருக்கிறார்கள், மின்கையொப்பமிட்டவர் யார் என்பவையும் கேட்கப்படுகின்றன. பலர் வைத்திருந்தால் நல்லது. சிலரே வைத்திருந்தால் ஐயத்துக்குரியது.

இக்கேள்வியை ஒரு கள ஆய்வாளரின் மடிக்கணினியில் வைத்துப் பாருங்கள். சந்தாலி மொழிக்குரிய ஒல் சிக்கி எழுத்து 2008இலும் மணிப்புரியின் மைத்தேயி மயேக் எழுத்து 2009இலும் யூனிகோடில் இடம்பெற்றன. இயங்குதளத்தோடு விசைப்பலகை வராத எழுத்தில் தட்டச்சு செய்ய விரும்புபவர், ஆர்வலரோ சிறு குழுவோ செய்த கருவியைத்தான் நாட வேண்டும். அதைப் பயன்படுத்துவோர் சில நூறு பேர். ஒவ்வொரு பதிப்பும் வெளியாகும் நாளில் அதன் நற்பெயர் சுழியம். மின்கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. இலவசமாகக் கருவி தருபவர் அதைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, இத்தகைய தட்டச்சுக் கருவிகளில் பல, பயனர் அழுத்தும் விசையை இடைமறித்து அதற்குப் பதில் வேறோர் எழுத்தைச் செலுத்தி வேலை செய்கின்றன. கடவுச்சொல் திருடும் கீலாகர் நிரல்களும் விசைகளை அவ்வாறே இடைமறிக்கின்றன. தமிழ்த் தட்டச்சுக் கருவிகளில் இம்முறையில் இயங்குவனவற்றுக்கும் இது பொருந்தும். நடத்தையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கருவிக்கு, எழுதுவதற்காக இடைமறிப்பவரும் திருடுவதற்காக இடைமறிப்பவரும் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர் விசையை இடைமறிக்க வேண்டிய தேவையே இல்லாதவர்; அவருடைய நடத்தையே ‘இயல்பு’ என்று அளவுகோலாயிற்று.

மொழியியல் துறைகளில் நடப்பது வேறொன்று. ஆய்வு மாணவர் பைத்தானில் உருபனியல் பகுப்பாய்வியோ தரவகத் தேடு கருவியோ எழுதுகிறார். நிரலறியாத நண்பர்களுக்கும் உதவட்டுமென்று பைஇன்ஸ்டாலர் கொண்டு அதை ஒற்றைக் கோப்பாகக் கட்டித் தருகிறார். நச்சுநிரல் எழுதுவோரும் அதே கட்டும் கருவியைப் பயன்படுத்துவதால், அது சேர்க்கும் தொடக்கப் பகுதி இருவகைக் கோப்புகளிலும் ஒன்றாக இருக்கிறது. அதன்மேல் எழுதப்பட்ட அடையாளத் தொடர் மாணவரின் பகுப்பாய்வியையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. ஒரே அங்காடியில் பை வாங்கியவர்கள் எல்லாரையும் திருடர் என்பது போல. கணினியின் நிர்வாக உரிமை மாணவர் கையில் இல்லாத கல்வி நிறுவனங்களில், பிடிபட்ட கோப்பை மீட்பதற்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும். வழிகாட்டியின் முன் செயல்விளக்கம் காட்ட வேண்டிய நாளில் கருவி காணாமற்போவதை எங்கள் வட்டத்தில் பலர் கண்டிருக்கிறார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வு வீண்பழியை அளக்கும் முறையிலேயே உள்ளது. ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரிலிருந்து இயங்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்னும் சோதனை நிறுவனம், ஒவ்வொரு எதிர்ப்பு மென்பொருளும் எத்தனை நல்ல கோப்புகளைப் பழித்தது என்று பட்டியலிட்டு வெளியிடுகிறது, பாராட்டத்தக்க பணி. அப்பட்டியலில் ஒவ்வொரு வீண்பழிக்கும், அக்கோப்பு எவ்வளவு பரவலானது என்ற தரக்குறிப்பும் உண்டு. மிகச் சிலரே பயன்படுத்தும் கோப்பின் மீதான பழிக்கு எடை குறைவு. பாதிக்கப்படுவோர் தொகையைக் கொண்டு பார்த்தால் இது நியாயமே. இதன் விளைவாக, அருகிய மொழியின் கருவியைப் பழித்துவிட்டு மதிப்பெண் இழக்காமலிருக்கலாம் என்பதும் உண்மையே. சிறு நிரலாளர்களின் இந்நிலையை நிர்சாஃப்ட் கருவிகளை எழுதிவரும் நிர் சோஃபர் 2009இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்: பெருநிறுவனத்தின் கோப்பு பழிக்கப்பட்டால் சில மணி நேரத்தில் திருத்தம் வருகிறது, தனியாளின் கோப்பு என்றால் மின்னஞ்சலுக்கு மறுமொழிகூட அரிது.

வீண்பழி மிகும்போது மக்கள் என்ன செய்கிறார்கள் என்பது ‘புலி வருது’ கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தெரியாததன்று. எச்சரிக்கையை அணைத்துவிடுகிறார்கள். இந்திய மொழிக் கருவிகளின் நிறுவல் குறிப்புகளில் ‘முதலில் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவவும்’ என்ற வரியைக் காணும்போதெல்லாம் எனக்கு அச்சம் எழுகிறது. அவ்வரியை எழுதியவர் நல்லவர். அவ்வரிக்குப் பழகிய பயனரிடம் நாளை தீயவர் ஒருவர் அதே வரியை எழுதினாலும் பயனர் கீழ்ப்படிவார். சிறு மொழிப் பயனர் இவ்வாறு இருமுறை இழக்கிறார்: முதலில் கருவியை, பிறகு பாதுகாப்பை.

எனவே நடைமுறையில் நான் சொல்லக்கூடியது இதுதான். எச்சரிக்கை வந்ததும் அழிக்காதீர்கள். தனிமைப்படுத்தி வையுங்கள், அங்கிருந்து மீட்க முடியும். கருவி உரியவரின் தளத்திலிருந்தே வந்ததா என்று பாருங்கள். அவர் ஹேஷ் எண்ணை வெளியிட்டிருந்தால் உங்கள் கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அது வீண்பழியாக இல்லாமலும் போகலாம். வைரஸ்டோட்டலில் கோப்பை ஏற்றுவதற்கு முன் அதன் ஹேஷ் எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள். அங்கே ஏற்றப்படும் கோப்புகள் பிற நிறுவனங்களோடும் கட்டணம் செலுத்தும் பயனர்களோடும் பகிரப்படுகின்றன. தகவலாளிகளின் குரல் பதிவுகளோ பெயர்களோ அடங்கிய கோப்பை அங்கே ஏற்றுவது ஆய்வு அறத்துக்கு மாறானது. விலக்கு அளிக்க வேண்டுமானால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அளியுங்கள்; முழுக் கோப்புறைக்கோ, ஐயகோ, முழு வட்டுக்கோ அளிக்க வேண்டாம்.

கருவி செய்வோருக்கு வேலை இன்னும் கொஞ்சம் கூடுதல். மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் பலவற்றிலும், தவறாகப் பிடிபட்ட கோப்பை அனுப்பி மறுஆய்வு கோர வழியுண்டு. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதைச் செய்ய வேண்டியிருப்பது சலிப்பூட்டும். ஆயினும் ‘நல்ல கோப்புகள்’ தொகுப்பில் நம் கருவி நுழைய இப்போது உள்ள வாயில் அதுவே. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் நடத்தும் தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகம் அறியப்பட்ட மென்பொருள்களின் ஹேஷ் எண்களைத் தொகுத்துப் பொதுவில் வைக்கிறது. இந்திய மொழிக் கருவிகளுக்கு அத்தகைய தொகுப்பு ஒன்றைப் பல்கலைக்கழகத் துறைகள் சேர்ந்து உருவாக்குவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. கோப்பு, பதிப்பு எண், ஹேஷ் எண், செய்தவர் பெயர், வெளியான நாள் என ஐந்து நிரல்கள் கொண்ட அட்டவணையில் தொடங்கலாம்.

அதற்கு முன்னோட்டமாக ஒரு சிறு பட்டியலைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் துறையிலோ நண்பர் வட்டத்திலோ உருவான விசைப்பலகை, எழுத்துரு மாற்றி, அகராதிச் செயலி, தரவகக் கருவி எதன்மீதேனும் பழி விழுந்திருந்தால், எந்த எதிர்ப்பு மென்பொருள், அது சூட்டிய நச்சுநிரல் பெயர் என்ன, எந்த நாள், மறுஆய்வு கோரியபின் எத்தனை நாளில் விடுவித்தார்கள் என்ற நான்கு செய்திகளை எழுதி அனுப்புங்கள். கோப்பை அனுப்ப வேண்டாம். ஹேஷ் எண் போதும்.